பினாங்கில் கப்பல் நிற்கும் ஒரு பகல்: முதல்முறை இறங்குவோருக்கு

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் மூன்று நாள், நான்கு நாள் கப்பல் சுற்றுலாக்களில் பல பினாங்குத் தீவில் ஒரு பகல் நிற்கும். தமிழ்நாட்டிலிருந்து குடும்பம் குடும்பமாக இதில் போகிறார்கள். அந்த ஒரு பகலை எப்படிச் செலவிடுவது என்று முன்பே யோசித்துக்கொண்டு வருபவர்கள் குறைவு. கப்பல் நின்ற பிறகு, இறங்கும் வாசலில் நின்றுகொண்டு "எங்கே போகலாம்?" என்று பேச்சை ஆரம்பிப்பார்கள். கையில் இருப்பதே எட்டு மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் அங்கேயே கரைந்துவிடும்.

நான் இந்தத் துறைமுகத்தில் மூன்று தடவை இறங்கியிருக்கிறேன். முதல் தடவை பினாங்கு மலைக்குப் போகும் ஒரு வேனில் ஏறினேன். வழியெல்லாம் நெரிசல். அடிவாரத்தில் ரயிலுக்கு நீண்ட வரிசை. மேலே போனால் மேகம் மூடியிருந்தது. ஊரை நான் பார்த்ததெல்லாம் வேன் ஜன்னல் வழியாகத்தான். அடுத்த இரண்டு தடவையும் மலைப் பக்கமே போகவில்லை; ஜார்ஜ் டவுன் நகரத்துக்குள்ளேயே நடந்தேன். அந்த இரண்டு நாட்களும் இன்னும் தெருத் தெருவாக நினைவில் இருக்கின்றன. அதனால் உங்களுக்கும் அதையே சொல்கிறேன்: ஊருக்குள் இருங்கள், நடந்து பாருங்கள்.

இதற்கு நல்ல காரணம் உண்டு. கோலாலம்பூர் பார்க்க வேண்டுமென்றால் கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி ஒரு மணி நேரமாவது சாலையில் போக வேண்டும். பினாங்கில் கப்பல் வந்து நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஊரின் வாசற்படியிலேயே இருக்கிறது. வாயிலைத் தாண்டினால் எதிரே மணிக்கூண்டு, அதன் பக்கத்தில் கோட்டை, பத்து நிமிடம் நடந்தால் கோயில். 2008 ஜூலை 7 அன்று யுனெஸ்கோ மலாக்காவோடு சேர்த்து உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்த பழைய நகரம் முழுவதும் நடக்கும் தூரத்துக்குள் இருக்கிறது.

முந்தைய இரவே முடிக்க வேண்டியவை

முதலில் காகிதங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியாவுக்குள் போகலாம். இந்தச் சலுகை 2026 கடைசி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. பலர் கோட்டை விடுவது சிங்கப்பூர் விசாவில்தான். கப்பல் மலேசியாவுக்குப் போய்விட்டு மறுபடி சிங்கப்பூருக்குத் திரும்பும் அல்லவா? அதனால் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை நுழைய அனுமதிக்கும் விசாவாக அது இருக்க வேண்டும். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே விசாவில் அந்த வரியைப் பார்த்துவிடுங்கள்.

மலேசியாவுக்கு ஒரு மின்னணு வருகை அட்டையும் உண்டு. வந்து சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் குடிநுழைவுத் துறையின் இணையதளத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, காசு கேட்கும் தளம் எதுவானாலும் அதை மூடிவிடுங்கள். உங்கள் கப்பலின் பயணிகளுக்கு இது தேவையா, கடவுச்சீட்டைக் கையில் எடுத்துப் போக வேண்டுமா, கப்பல் அட்டை மட்டும் போதுமா என்பதை முந்தைய மாலையே கப்பலின் வரவேற்பு மேசையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். மலேசியாவும் சிங்கப்பூரும் ஒரே மணி, இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். ஆனால் கப்பல் புக்கெட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தால் குழப்பம் வரும், ஏனென்றால் தாய்லாந்து ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. கைப்பேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், கையில் கட்டிய கடிகாரம் மாறாது. இறங்கும்போது கேங்வே, அதாவது கப்பலிலிருந்து இறங்கும் பாலத்தின் பக்கத்தில் "கடைசியாகத் திரும்ப வேண்டிய நேரம்" என்று பலகை வைத்திருப்பார்கள். அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் துறையில் இருப்பது என்று குடும்பத்தில் எல்லோருமாகப் பேசி முடிவெடுத்துவிட வேண்டும்.

உடை விஷயத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த நடையில் நான்கைந்து இடங்களில் செருப்பைக் கழற்ற வேண்டியிருக்கும். கயிறு கட்டும் ஷூ போட்டுக்கொண்டு போனால் ஒவ்வொரு வாசலிலும் உட்கார்ந்து எழுந்தே களைத்துவிடுவீர்கள். சுலபமாகக் கழற்றும், ஆனால் கெட்டியான செருப்பு நல்லது. தோளும் முழங்காலும் மூடிய பருத்தி உடை, சிறிய குடை, தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். வெயில் நம் சென்னை வெயில் மாதிரிதான், புழுக்கம் அதைவிடச் சற்றுக் கூட. மதியத்துக்கு மேல் திடீரென்று மழை கொட்டிவிட்டுப் போகும்.

பணம்: மலேசிய ரிங்கிட் ஒன்று ஏறக்குறைய 20 ரூபாய், கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அங்குள்ள தமிழர்கள் ரிங்கிட்டை "வெள்ளி" என்பார்கள். "அஞ்சு வெள்ளி" என்று கடைக்காரர் சொன்னால் திகைக்க வேண்டாம், ஐந்து ரிங்கிட். கப்பலில் பணம் மாற்றாதீர்கள். ஊருக்குள் லிட்டில் இந்தியா பக்கம் பணம் மாற்றும் கடைகள் நிறைய உண்டு, விலையும் அங்கே நியாயமாக இருக்கும். சாப்பாட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும் ஆளுக்கு 80 முதல் 100 வெள்ளி வைத்துக்கொண்டால் தாராளம். ஊரின் வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கிராப் செயலியும் இருக்கட்டும். கால் வலித்தால் கார் கூப்பிட உதவும்.

இறங்கியதும்

முடிந்தவரை சீக்கிரம் இறங்குங்கள். காலை எட்டரைக்கு வெளியே வந்துவிட்டால் பத்தரை வரை வெயில் உறைக்காது. துறை வாசலில் டாக்சிக்காரர்களும் பெச்சாக்காரர்களும் "டூர், டூர்" என்று சூழ்ந்துகொள்வார்கள். பெச்சா என்பது மூன்று சக்கர சைக்கிள் வண்டி. பினாங்கில் பயணி முன்னால் உட்கார, ஓட்டுபவர் பின்னாலிருந்து மிதிப்பார். வயதானவர்கள் கூட வந்தால் இது அருமையான ஏற்பாடு. எத்தனை மணி நேரம், எந்தெந்த இடம், மொத்தம் எத்தனை வெள்ளி என்று ஏறுவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். நடக்க முடிந்தவர்கள் ஒரு புன்னகையோடு தாண்டி வந்துவிடலாம்.

எதிரே நிற்கும் வெள்ளை மணிக்கூண்டு விக்டோரியா மகாராணி அரியணை ஏறி 60 ஆண்டு நிறைந்ததற்காக, சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் தன் செலவில் கட்டியது. ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி உயரம். உற்றுப் பார்த்தால் லேசாகச் சாய்ந்திருப்பது தெரியும். இரண்டாம் உலகப் போரில் விழுந்த குண்டுகளின் அதிர்ச்சியால் வந்த சாய்வு என்கிறார்கள்.

பக்கத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் வந்து இறங்கியது இந்த முனையில்தான். அப்போது இங்கே அடர்ந்த காடு. வெட்ட ஆள் கிடைக்கவில்லை என்று பீரங்கியில் வெள்ளிக் காசுகளை நிரப்பிக் காட்டுக்குள் சுட்டார், காசைத் தேடிக்கொண்டே ஜனங்கள் காட்டை வெட்டினார்கள் என்று ஒரு கதை உண்டு. லைட் மரக்கம்பங்களை நட்டு எழுப்பிய கோட்டையைப் பிறகு செங்கல்லாலும் கல்லாலும் எடுத்துக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். அந்தச் சுவரில் கை வைத்தபோது எனக்கு அதுதான் மனதில் ஓடியது. ஒரு போரையும் பார்க்காத கோட்டை இது. நேரம் குறைவு என்றால் உள்ளே போகாமல் வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு நகருங்கள். நேரம் இருந்தால் உள்ளே 1603ஆம் ஆண்டு வார்த்த டச்சுப் பீரங்கி, செரி ரம்பாய், அதைப் பார்க்கலாம்.

நடக்கத் தொடங்கும் முன் தெருப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பலகையில் "லெபோ" என்றால் தெரு, "ஜாலான்" என்றால் சாலை, "லோரோங்" என்றால் சந்து. பல தெருக்களுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர், மலாய்ப் பெயர் என்று இரண்டு உண்டு. ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்று பலகையில் இருப்பதை ஊர்க்காரர்கள் இன்னும் பிட் தெரு என்பார்கள். வரைபடத்தில் ஒரு பெயர் கிடைக்கவில்லை என்றால் இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள்.

பிட் தெரு: அவசரப்படாமல் நடக்க வேண்டிய தெரு

மணிக்கூண்டிலிருந்து லைட் தெரு வழியாகப் போய் இடது கைப்பக்கம் பிட் தெருவில் திரும்புங்கள். இந்த ஒரு தெருவுக்காகவே கப்பலை விட்டு இறங்கலாம். தொடக்கத்தில் வலது பக்கம் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். வெள்ளைத் தூண்களும் பெரிய மரங்களும் பச்சைப் புல்வெளியுமாக இருக்கும். தென்கிழக்கு ஆசியாவின் மிகப் பழைய ஆங்கிலிக்கன் தேவாலயம் இது.

கொஞ்ச தூரத்தில் அதே வலது பக்கம் குவான் யின் கோயில், கருணைத் தாயின் சீனக் கோயில். முற்றத்தில் ஆள் உயரத்துக்கு ஊதுபத்திகள் எரிந்துகொண்டிருக்கும். புகையில் கண் கரிக்கும். பாட்டிமார் கையில் மூன்று ஊதுபத்தியோடு நெற்றி வரை கும்பிட்டு நிற்பதைப் பார்த்தால் நம்மூர் அம்மன் கோயில் வாசலில் நிற்கிற மாதிரியே இருக்கும். படம் எடுக்கலாம், ஆனால் கும்பிடுபவர்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டாதீர்கள்.

அதைத் தாண்டியதும் இடது பக்கம் ஒரு குறுக்குத் தெருவில் நுழைந்து குயின் தெருவுக்கு வாருங்கள். அங்கே மகா மாரியம்மன் கோயில். கோபுர வாசல் குயின் தெருவைப் பார்த்து இருப்பதால், பிட் தெருவிலேயே நேராகப் போகிறவர்கள் பின்புறத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கோயிலாக எழுந்தது 1833இல். துறைமுகத்திலும் கடைவீதியிலும் உழைத்த தமிழர்களின் கோயில் இது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், மறுபடி திறக்க மாலையாகிவிடும். காலையிலேயே வரச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

மறுபடி பிட் தெருவுக்கு வந்தால் வலது பக்கம் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவராக இருந்த காதர் முகைதீன் 1801இல் தொடங்கியது. கப்பித்தான் என்றால் ஒரு சமூகத்துக்குப் பொறுப்பான தலைவர். "கெலிங்" என்பது கலிங்கம் என்ற சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் பழைய மலாய்ச் சொல். தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களைக் குறித்தது. இன்றைக்கு ஒருவரை நேரே அப்படிச் சொன்னால் அது வசை. இடப்பெயராக மட்டும் நின்றுவிட்டது, நீங்களும் அப்படியே விட்டுவிடுங்கள். தொழுகை நேரம் தவிர மற்ற நேரத்தில் பார்வையாளர்களை அனுமதிப்பார்கள். மேலே போட்டுக்கொள்ள அங்கேயே அங்கி தருவார்கள். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் திட்டத்தில் வைக்காதீர்கள்.

ஒரே தெருவில் தேவாலயம், சீனக் கோயில், மாரியம்மன், பள்ளிவாசல். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டாம். சுற்றுலாப் புத்தகங்களில் இதை "நல்லிணக்கத் தெரு" என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பெயரை மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டியதே இல்லை. பள்ளிவாசல் மதிலடியில் பத்து நிமிடம் உட்காருங்கள். பாங்கு ஒலியும், சீனக் கோயில் புகையும், பூக்கடை மல்லிகை வாசமும் ஒரே நேரத்தில் வந்து சேரும்.

லிட்டில் இந்தியா

பள்ளிவாசலிலிருந்து சூலியா தெருவில் கிழக்கே, அதாவது கடல் பக்கம் திரும்பினால் கிங் தெரு முனையில் ஒரு சின்னக் கட்டடம் தெரியும். நாகூர் ஆண்டவரின் பெயரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த நாகூர் தர்கா. மதிலோடு ஒட்டிச் சிறு சிறு கடைகள் இருப்பதால் கவனிக்காமல் தாண்டிவிடுவீர்கள். கடல் கடந்து கப்பலில் வந்தவர்கள், வழியில் காப்பாற்றியவரை வந்த இடத்திலும் வைத்துக் கொண்டாடியிருக்கிறார்கள். நாகூர்ப் பக்கத்திலிருந்து வருபவர்கள் இதைத் தவற விடக் கூடாது.

அங்கிருந்து மார்க்கெட் தெரு. தமிழர்கள் இதைக் காலங்காலமாகக் கடைத்தெரு என்றே சொல்லி வந்திருக்கிறார்கள். பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, மளிகை, நகைக் கடை, ஒலிபெருக்கியில் பாட்டு. "இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம், நம்ம ஊர் பஜார் மாதிரியே இருக்கே" என்று கூட வந்தவர்கள் சொல்லலாம். அவசரப்படாதீர்கள். கடையில் தமிழில் பேச்சுக் கொடுங்கள். காலை வேளையில் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பார்கள். காலை உணவு சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். அந்தச் சொல் நம் பக்கம் பேச்சு வழக்கில் குறைந்துவிட்டது, இங்கே பத்திரமாக இருக்கிறது. மலாயில் கடைக்கு "கெடாய்", கப்பலுக்கு "காப்பால்" என்று சொல்வதையும் கவனியுங்கள். தமிழ் வணிகர்கள் கொண்டுவந்து இறக்கிய சரக்கில் சொற்களும் இருந்தன.

காலைச் சாப்பாட்டை இங்கேயே முடிக்கலாம். பினாங்குத் தெருவிலும் சுற்றுப்புறத்திலும் இட்லி, தோசை, வாழையிலைச் சாப்பாடு போடும் சைவக் கடைகள் உண்டு. ஆனால் வயிற்றில் இடம் மிச்சம் வையுங்கள்.

மதியம்: நாசி கண்டார் கேட்டு வாங்கும் முறை

நாசி என்றால் சோறு, கண்டார் என்றால் தோளில் வைத்துச் சுமக்கும் கம்பு. தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் அந்தக் காலத்தில் காவடி மாதிரி ஒரு கம்பின் இரு முனையிலும் கூடை தொங்கவிட்டு, ஒன்றில் சோறு, ஒன்றில் குழம்பு என்று துறைமுகத் தொழிலாளிகளுக்குக் கொண்டுபோய் விற்ற சாப்பாடு இது. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் பல இந்தத் தொழிலில் இருந்தன. 1907இல் தொடங்கிய ஹமீதியா கடை கேம்பெல் தெருவில் இன்றும் நடக்கிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலிலிருந்து பத்து நிமிட நடை. பன்னிரண்டு மணிக்குள் போய்விட்டால் வரிசை சிறிதாக இருக்கும்.

உள்ளே நுழைந்ததும் உட்காராதீர்கள். நேரே சட்டிகள் வரிசையாக இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். பரிமாறுபவர் தட்டில் சோற்றை வைத்துவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். பொரித்த கோழி, கணவாய், மீன் சினை, இறால், வெண்டைக்காய், முட்டைகோஸ் என்று விரலால் காட்டினால் போதும். அப்புறம்தான் முக்கியமான கட்டம். கரண்டியை ஒரு சட்டியில் விட்டு மீன் குழம்பை ஊற்றுவார். அடுத்த சட்டிக்குப் போய் கோழிக் குழம்பு. அதற்கு மேல் கறுப்பாக, இனிப்பும் காரமுமாக ஒரு குழம்பு. எல்லாம் அதே சோற்றின் மேலேயே. "பஞ்ஜிர்" என்று சொன்னால் இன்னும் ஊற்றுவார். பஞ்ஜிர் என்றால் வெள்ளம். குழம்பைக் கலக்கக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு முதலில் என்னவோ போல இருக்கும். இரண்டாவது கவளத்தில் சரியாகிவிடும், அந்தக் கலவையில்தான் இந்தச் சாப்பாட்டின் ருசியே இருக்கிறது.

விலைப்பட்டியலை எதிர்பார்க்காதீர்கள். தட்டைப் பார்த்தே கணக்குச் சொல்வார்கள். பெரிய இறால், மீன் சினை இரண்டும் விலையை ஏற்றிவிடும், எடுக்கும் முன் "பெராப்பா?" என்று கேளுங்கள், எவ்வளவு என்று பொருள். தமிழிலேயே "அண்ணே, இது எவ்வளவு வரும்?" என்று கேட்டாலும் பல கடைகளில் பதில் வரும். குடிக்க தே தாரிக், நம் ஆற்றிய டீதான். சர்க்கரை குறைவாக வேண்டுமென்றால் "குராங் மானிஸ்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பாயசம் மாதிரி வரும்.

சைவம் சாப்பிடுபவர்கள் சீனக் கடைகளிலும் தெருவோரக் கடைகளிலும் கவனமாக இருக்க வேண்டும். காய்கறி நூடுல்ஸ் போலத் தெரிவதில் பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். ஊரே கொண்டாடும் அசாம் லக்சா என்ற நூடுல்ஸ் மீன் குழம்பில் செய்வது. சார் குவே தியோ என்ற வறுத்த நூடுல்ஸில் இறாலும் சிப்பியும் உண்டு, பல கடைகளில் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பார்கள். "சாயோர் சஹாஜா", அதாவது காய்கறி மட்டும், என்று சொன்னாலும் விழுது போட்டுவிடக் கூடும். கடுமையான சைவம் என்றால் லிட்டில் இந்தியாவிலேயே முடித்துக்கொள்வது நிம்மதி.

இனிப்புக்குச் செண்டோல். அரிசி மாவில் செய்த பச்சை நிற இழைகள், சிவப்புப் பயறு, தேங்காய்ப்பால், பனைவெல்லப் பாகு, மேலே சீவிய ஐஸ். பினாங்கு சாலையை ஒட்டிய கெங் குவீ தெருவில் எப்போதும் கூட்டம் நிற்கும். இன்னொன்று ஜாதிக்காய்ச் சாறு. நாம் ஜாதிக்காயின் கொட்டையை மட்டும்தான் பார்த்திருப்போம். பினாங்கில் அதன் சதைப்பற்றைப் பிழிந்து சாறாகத் தருகிறார்கள். துவர்ப்பும் புளிப்பும் ஒரு மருந்து வாசமுமாக இருக்கும். வெயிலில் நடந்து வந்தவனுக்கு அதைவிட நல்ல பானம் இந்த ஊரில் இல்லை.

வெயில் ஏறிய பிறகு

ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை திறந்த வெளியில் நடக்காதீர்கள். கடைவீடுகளின் முன்னால் கூரை மூடிய நடைபாதை உண்டு. மலாயில் "காக்கி லீமா", ஐந்தடி என்று பொருள். வெயிலுக்கும் மழைக்கும் அதன் வழியாகவே போகலாம். ஒரு வீட்டின் தரை மேலே, அடுத்த வீட்டின் தரை கீழே என்று மாறி மாறி வரும். நடுவில் மோட்டார் சைக்கிள் நிற்கும். கீழே பார்த்து நடங்கள். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே போன என் மைத்துனர் ஒருவர் இங்கே கணுக்காலைப் பிசகிக்கொண்டார், மீதி நாள் முழுக்கப் பெச்சாவில்தான் சுற்றினார்.

இந்த நேரத்துக்குப் பொருத்தமான இடம் கூ கொங்சி, கூ குலத்தாரின் மாளிகைக் கோயில். சந்து போன்ற நுழைவு வழியில் போனால் திடீரென்று ஒரு கல் முற்றம் விரியும். முதலில் கட்டியது 1901இல் தீயில் எரிந்துபோனது. சக்கரவர்த்தியின் அரண்மனை மாதிரி ஆடம்பரமாகக் கட்டியதால் தெய்வங்களுக்குக் கோபம் என்று நம்பி, 1906இல் சற்று அடக்கமாகத் திரும்பக் கட்டினார்களாம். அந்த அடக்கமான கூரையை நிமிர்ந்து பாருங்கள், பீங்கான் துண்டுகளால் செய்த பூக்களும் யாளிகளும் வீரர்களும் நிறைந்திருக்கும். நுழைவுக் கட்டணம் உண்டு, கொடுத்த காசுக்கு மேலேயே இருக்கிறது.

அங்கிருந்து ஆர்மேனியன் தெரு பக்கம்தான். 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகரேவிச் சுவரில் வரைந்த, நிஜ சைக்கிளில் இரண்டு குழந்தைகள் போகும் ஓவியம் இங்கே இருக்கிறது. படம் எடுக்க வரிசை நீளமாக இருந்தால் தாண்டிப் போய்விடலாம்.

சியூ படகுத்துறை

ஆர்மேனியன் தெரு முடிவில் பீச் தெருவைக் கடந்து வெல்ட் கீ சாலைக்கு வாருங்கள். பீச் தெருவில் கடற்கரை எங்கே என்று தேடாதீர்கள். ஒரு காலத்தில் அலை அங்கே வரைக்கும் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடலைத் தூர்த்து வெல்ட் கீயை உருவாக்கியதும் கடல் தள்ளிப் போய்விட்டது. சாலையைக் கடந்தால் எதிரே சீனக் குலத்தவரின் படகுத்துறைகள். ஒவ்வொரு குலப்பெயருக்கும் ஒரு துறை. சியூ துறைதான் பெரியது.

கடலுக்குள் கால் ஊன்றிய மர வீடுகள், நடுவில் பலகைப் பாதை. பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளியில் கீழே பச்சைத் தண்ணீர் தெரியும். தண்ணீர் வற்றிய நேரமானால் சேறும் அதில் ஓடும் நண்டுகளும் தெரியும். பாதையின் கடைசி வரை போங்கள். இரண்டு பக்கமும் கடை வைத்திருக்கிறார்கள், சரி. ஆனால் கடைகளுக்கு நடுவே திறந்திருக்கும் கதவுகளுக்குள் ஜனங்கள் வாழ்கிறார்கள். ஒரு வாசலில் ஒரு தாத்தா நாற்காலி போட்டு வானொலி கேட்டுக்கொண்டிருந்தார், பின்னால் சுவரில் மூதாதையர் படம், அதன் முன் சிவப்பு விளக்கு. நாங்கள் நின்று பார்ப்பதைக் கண்டு தலையை ஆட்டினார். நாங்களும் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தோம். வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது, உள்ளே படம் எடுப்பது, பலகையில் குழந்தைகளை ஓடவிடுவது மூன்றும் வேண்டாம். மாலை நான்கு மணிக்குமேல் பாதை முனையில் காற்று நன்றாக வரும்.

மழை, தாமதம், மலை

கப்பல் மதியத்துக்குமேல் வந்து இரவில் கிளம்பினால் வரிசையைத் திருப்பிக்கொள்ளுங்கள்: முதலில் கூ கொங்சி, பிறகு சியூ துறை, மாலையில் மாரியம்மன் கோயிலும் கடைத்தெருவும். விளக்கு வைத்த பிறகு லிட்டில் இந்தியா காலையைவிட அழகு. மழை பிடித்துக்கொண்டால் ஐந்தடியில் ஒதுங்கி ஒரு தே தாரிக் குடியுங்கள், பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் விட்டுவிடும். கால் ஓய்ந்தவர்களுக்கு நகருக்குள் சுற்றும் இலவசப் பேருந்தும் வெல்ட் கீயிலிருந்து கிளம்புகிறது.

முருக பக்தர்கள் தண்ணீர்மலையைக் கேட்பார்கள். பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி ஏற வேண்டும். காரில் அரை மணிக்குள் அடிவாரம் போய்விடலாம். ஏறுவதென்றால் கப்பலை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக அங்கே போய்விட்டு, பிறகு ஊருக்குள் வாருங்கள். கூ கொங்சியை விட்டுவிட வேண்டியிருக்கும். பினாங்கு மலை ரயில்தான் வேண்டும் என்று வீட்டில் ஒரே பிடிவாதமா? கப்பல் பத்து மணி நேரத்துக்கு மேல் நின்றால், அதுவும் வார நாளாக இருந்தால் மட்டும் போங்கள். விடுமுறை நாளில் வேண்டாம்.

திரும்பும்போது

சியூ துறையிலிருந்து வெல்ட் கீ சாலையோரமாகவே இருபது நிமிடம் நடந்தால் கப்பல். வழியில் எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்துக்குப் போகும் படகுத்துறையைத் தாண்டுவீர்கள். துறைக்குள் பைகளை ஸ்கேனரில் விட்டு அனுப்புவார்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் எல்லோரும் ஒன்றாக வருவதால் வரிசை நகராது. துரியான் பழத்தைக் கப்பலுக்குள் விடமாட்டார்கள், வாங்கினால் வெளியிலேயே தின்று முடித்துவிடுங்கள். பாசிப்பயறு பூரணம் வைத்த தாவ் சார் பியா பிஸ்கட்டும் ஜாதிக்காய்த் தைலமும் ஊருக்கு வாங்கிப்போக நல்லவை. மிச்சமிருக்கும் சில்லறை வெள்ளியைத் துறையிலேயே செலவழித்துவிடுங்கள், நாணயங்களை எங்கேயும் மாற்றித் தரமாட்டார்கள்.

குளித்துவிட்டு அறையிலேயே படுத்துவிடாமல், கப்பல் கிளம்பும் நேரத்துக்கு மேல்தளத்தில் ஊர்ப் பக்கம் போய் நில்லுங்கள். காலையில் பெயர் தெரியாமல் பார்த்த மணிக்கூண்டும், கோட்டை மூலையில் பாய்மரக் கம்பம் போல நிற்கும் கலங்கரை விளக்கமும் இப்போது அடையாளம் தெரியும். வலமும் இடமுமாகப் படகுகள் பட்டர்வொர்த்துக்குப் போய் வந்துகொண்டிருக்கும். கண்ணை வெல்ட் கீ ஓரமாக ஓட்டிக்கொண்டே போனால், சியூ துறை வீடுகளின் தகரக் கூரைகள் தண்ணீரை ஒட்டித் தாழ்வாகத் தெரியும்.